இருபத்துமூன்று மில்லிமீட்டர்

பிப்ரவரி பிறந்தால் எனக்குத் திடீர் மவுசு. மற்றப் பதினொரு மாதமும் லிஃப்டில் என்னைப் பார்த்து யாரோ என்று தலையாட்டுகிறவர்கள், அமெரிக்காவில் கறுப்பர் வரலாற்று மாதம் வந்துவிட்டால் கறுப்பனான என்னிடம் "ராஸ்கோ, எங்க இடத்துல ஒரு அரைமணி நேரம் பேசுவீங்களா?" என்று வந்து நிற்பார்கள். கல்லூரியில் பேசியிருக்கிறேன், நூலகத்தில் பேசியிருக்கிறேன், ஒருமுறை டயர் கம்பெனியில்கூடப் பேசினேன். தலைப்பு ஒன்றுதான்: இனப்பாகுபாடு அமைப்புக்குள்ளேயே எப்படிப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அது உடம்பை என்ன செய்கிறது, எங்கள் துறைக்குள் அது எப்படி வேலைக்கு வந்து சேர்கிறது. முடிவில் காபி, குக்கி, கைதட்டல். மார்ச் முதல் தேதி நான் பண்டிகை முடிந்து குப்பைத்தொட்டி ஓரம் சாத்திவைத்த கிறிஸ்துமஸ் மரம்.

என் தொழில் என்னவென்று என் அண்ணனுக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் மில்வாக்கியில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். பேருந்து போகிறது, ஆள் இறங்குகிறார், வேலை தெரிகிறது. நான் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் எழுதுவதை மனிதர்கள் படிக்கும்படி மாற்றி எழுதுகிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்தால் புரிய வேண்டும் என்பது எங்கள் சட்டம். "சிறுநீரகச் செயல்திறன் குறைவு" என்று டாக்டர் எழுதினால், "உங்கள் கிட்னி சோர்ந்திருக்கிறது" என்று நான் எழுதுவேன். "அதுக்குச் சம்பளமா?" என்பான் அண்ணன். சம்பளம் மட்டுமா, விருதே கொடுத்தார்கள்.

அந்த விருதுதான் என் பேச்சின் உச்சக்கட்டம். திரையில் முதலில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுவேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எண்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதற்கே இரண்டு வரி: 'கறுப்பர் எனில்' ஓர் எண், 'கறுப்பர் அல்லாதோர் எனில்' இன்னோர் எண். அடுத்த படம், 2011இல் நான் செய்த தாள். எண்ணே கிடையாது. ஒரு நீளப் பட்டை: பச்சை, மஞ்சள், சிவப்பு. மேலே ஒரு சின்ன அம்பு, உங்கள் கிட்னி எங்கே நிற்கிறது என்று காட்டும். கீழே ஒரே வாக்கியம். அரங்கம் "ஆ!" என்னும். அந்த "ஆ!"வுக்காகவே நான் வருஷம் ஒருமுறை சவரம் ஒழுங்காகச் செய்வேன். அந்த ஒரு தாளை வைத்துத்தான் கடைசி மேசையில் இருந்தவன் துறைத் தலைவன் ஆனேன்.

2023 பிப்ரவரியில் இரண்டு கைதட்டல் வாங்கி, மூன்றாவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வெர்லீன் கெய்தர் என் அறைக்குள் வந்தாள். கிட்னி மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். நானும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவளிடம் என் விருது செல்லுபடியாகாது.

"உட்காரு" என்றாள்.

"இது என் ரூம். நான் உட்கார்ந்துதான் இருக்கேன்."

"அப்ப நாற்காலியைக் கெட்டியாப் புடிச்சுக்கோ. ஒரு கடுதாசி எழுதணும். நம்ம ஆளுங்க இருநூறு சொச்சம் பேருக்கு."

விஷயத்தைச் சொன்னாள். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.21ஆல் பெருக்கு என்று ஒரு விதி பல காலம் இருந்தது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று யாரோ நினைத்ததன் விளைவு. பெருக்கினால் எண் கூடும். எண் கூடினால் கிட்னி நன்றாக இருப்பதாகத் தெரியும். இருபதுக்குக் கீழே இறங்கினால்தான் பட்டியலில் பெயர் ஏறும், காத்திருக்கும் காலம் ஓடத் தொடங்கும். பதினெட்டில் இருந்தவருக்கு இருபத்திரண்டு என்று காட்டினால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார். சூத்திரத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே தூக்கி எறிந்துவிட்டார்கள். இப்போது நாடு முழுக்க ஓர் உத்தரவு: அப்படி வாசலில் நின்றவர்களைத் தேடிப் பிடித்து, பறிபோன வருஷங்களைத் திருப்பிக் கொடுங்கள்.

"தசையா?" என்றேன். "என் உடம்புல ஒழுங்கா வேலை செய்யற தசை ஒண்ணுதான். அது நாக்கு."

வெர்லீன் சிரிக்கவில்லை. "பழைய பரிசோதனைத் தாள் யாருகிட்ட இருக்கோ, அவங்களுக்கு வருஷம் திரும்பக் கிடைக்கும். இல்லாதவங்களுக்கு இல்லை. அதைப் புரியற மாதிரி எழுது."

கெட்டிக்காரன் எவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே துள்ளி எழுந்திருப்பான். 'கறுப்பர் எனில்' என்ற வரியைப் பன்னிரண்டு வருஷமாகத் திரையில் காட்டி "ஆ!" வாங்கியவன் நான். ஆனால் நான் கடிதத்துக்கு எந்த எழுத்துரு நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் வாசகர் குழுவிடம் காட்டுவோம். குழு என்றால் ஆறேழு நோயாளிகள், ஒரு நீள மேசை, சாண்ட்விச். அவர்கள் படித்துவிட்டு, தங்களுக்கு என்ன புரிந்தது என்று சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பு அவர்கள் மேல் இல்லை, எழுதினவன் மேல்.

அந்தக் குழுவில் ஓப்பல் ஸ்டோவல் நிரந்தர உறுப்பினர். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். புதன்கிழமை சாண்ட்விச்சுக்கும் என்னைத் திருத்துவதற்கும் வருவாள். அவள் என் மாமியார். சரியாகச் சொன்னால், முன்னாள் மாமியார். அவள் மகள் ரெனிட்டா என்னை விவாகரத்து செய்து ஒன்பது வருஷமாகிறது. ஓப்பல் இன்னும் செய்யவில்லை, திட்டுவதற்கு ஆள் வேண்டுமே. மாமா கிளைட் 2017இல் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் கிட்னிதான். அவர் இருந்தவரை, விவாகரத்துக்குப் பிறகும், ஏரிக்கரையில் என்னோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். மற்றவர்களும் படித்தார்கள்.

"சொல்லுங்க அத்தை. உங்க வார்த்தையில."

"என்ன பெரிய வார்த்தை. கடையில ரெண்டு தராசு வச்சிருந்திருக்கானுங்க. வெள்ளைக்காரங்க வந்தா ஒண்ணு. நம்ம வந்தா இன்னொண்ணு. நம்ம தராசு பொய் சொல்லியிருக்கு. இப்ப, 'ஐயோ, தராசு பொய் சொல்லிருச்சு, வாங்க வாங்க'ங்கறானுங்க."

மேசையில் ஒருவர் வாயில் வைத்த சாண்ட்விச்சைக் கடிக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

"சரியாப் புரிஞ்சிருக்கு" என்றேன். என் எழுத்துக்கு முழு மதிப்பெண் என்று உள்ளுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம்கூட வந்தது.

"அப்ப என் தாளைப் பாரு." கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மே 2016. "எனக்கு லிஸ்ட்ல பேரு வந்தது 2019 ஆகஸ்ட்டு, டயாலிசிஸ் ஆரம்பிச்ச அன்னைக்குத்தான். இதுல என் நம்பர் என்ன? படிச்சுச் சொல்லு மாப்ளே."

பச்சை, மஞ்சள், சிவப்பு. அம்பு மஞ்சளில், சிவப்பின் விளிம்பை ஒட்டி நின்றது. கீழே நான் எழுதிய வாக்கியம்: 'மஞ்சள்: கவலை வேண்டாம். அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் பேசுங்கள்.'

எண்ணே கிடையாது.

உடம்பில் ரத்தம் எங்கே போகும் என்று எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த நிமிஷம் என்னுடையது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே? நம்பரைச் சொல்லு."

"நம்பர் இல்லை அத்தை."

"ஏன் இல்லை?"

"எடுத்துட்டாங்க."

"எவன்டா எடுத்தான்?"

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, கையில் தாளோடு அறையைவிட்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயசு, துறைத் தலைவர், விருது பெற்றவர். தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

வெர்லீனிடம் போய்ச் சொன்னேன். அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். ஓப்பல் அப்போது போனது எங்கள் வடபக்கக் கிளைக்கு. கிளை மூடியாகிவிட்டது. அதற்கு ரத்தம் பார்த்துக்கொடுத்த பரிசோதனைக்கூடமும் மூடியாகிவிட்டது; எண்கள் அதோடு போயின. மிச்சம் இருந்தது நோயாளிகள் கையில் இருந்த அழகான தாள்கள் மட்டும்.

"அம்பு மஞ்சள்ல இருக்கே" என்றாள். "மஞ்சள்னா இருபதுக்கு மேல. இதை வச்சுக் கொடுக்க முடியாது."

"ஆனா அந்த அம்பு பெருக்குனதுக்கு அப்புறம் உள்ள நம்பரா, முன்னாடி உள்ளதா?"

"அதை நீதான் சொல்லணும். தாளைச் செஞ்சது நீ." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ராஸ்கோ, இந்த மாசம் அவங்க ரத்த வகைக்கு மூணு கிட்னி வந்துச்சு. மூணும் ஆறு வருஷத்துக்கு மேல காத்திருந்தவங்களுக்குப் போச்சு. உங்க அத்தைக்கு மூணரை வருஷம்தான் ஆகுது. அந்த விட்டுப்போன மூணு வருஷமும் சேர்ந்தா..."

தாளுக்குக் கணினி நிரல் எழுதியவர் லார்ஸ் நைகார்ட். ஓய்வு பெற்று வடக்கே ஓர் ஏரி ஓரம் மரவீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் போல ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. பென்சில்களை உயர வரிசையில் அடுக்குவார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "இருங்க, ஃபைல் எடுக்கறேன்" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஃபைல். எடுத்தார்.

"நீங்க அப்ப கேட்டீங்க, ரெண்டு வரி இருந்தா ஜனங்க குழம்பறாங்க, ஒண்ணு போதும்னு. எந்த ஒண்ணுன்னு நான் மெயில் போட்டேன். பதில் இருக்கு, படிக்கவா?"

"வேண்டாம்" என்றேன். அவர் படித்துவிட்டார்.

"'லார்ஸ், அவங்கவங்க இனத்துக்கு உள்ள எண்ணை எடுத்துக்கோங்க. மத்ததை யாருக்கும் காட்ட வேண்டாம். சிம்பிளா இருக்கட்டும். ராஸ்கோ.' கீழே ஒரு சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கீங்க."

சிரித்த மூஞ்சி. எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் தட்டிய மெயில். இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவரை, ஒரு நோயாளியாவது ஒருநாள் "அதென்ன எனக்கு மட்டும் வேற எண்?" என்று கேட்டிருக்க முடியும். கேட்டவர்களும் இருந்தார்கள், அதைத்தான் நாங்கள் 'குழப்பம்' என்று குறித்துவைத்தோம். நான் அந்தக் கேள்வியைத் துடைத்து, வண்ணம் பூசி, கீழே 'கவலை வேண்டாம்' என்று எழுதி, விருது வாங்கினேன். அமைப்பு, அமைப்பு என்று பிப்ரவரிதோறும் அரைமணி நேரம் முழங்கியவன் நான். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும் என்றோ, அது என்னுடையதாக இருக்கும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் லார்ஸ். "இன்னொண்ணு. பட்டை எவ்வளவு நீளம்னு ஞாபகம் இருக்கா? நீங்க அஞ்சு அங்குலம் போதும்னீங்க. நான்தான் பிடிவாதமா மில்லிமீட்டர்ல போட்டேன். அரைநாள் என்னைக் கிண்டல் பண்ணீங்க."

"சாரி."

"சாரி கிடக்கட்டும். பட்டை நூத்திருபது மில்லிமீட்டர். பூஜ்யத்துல இருந்து நூத்திருபது வரைக்கும் எண். மில்லிமீட்டருக்கு ஒண்ணு. அம்பை நான் குத்துமதிப்பா வைக்கலை. எண் எதுவோ அங்கதான் வச்சேன். உங்ககிட்ட ஸ்கேல் இருக்கா?"

இருந்தது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இருபத்துமூன்று. 1.21ஆல் வகுத்தேன். பத்தொன்பது.

ஓப்பல் 2016 மே மாதமே பட்டியலில் ஏறியிருக்க வேண்டியவள். மூன்று வருஷம் மூன்று மாதம். நான் எழுதிய வாக்கியத்தை நம்பி அவள் பள்ளிக்கூடத்தில் பருப்பும் சோளரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷங்களைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு பக்கம்தான். அந்தத் தாளை வடிவமைத்தவன் நான், எண்களை நீக்கச் சொன்னவன் நான், அம்பு காட்டுவது பெருக்கப்பட்ட எண், அளவு இவ்வளவு. கீழே லார்ஸின் ஃபைல் நகல், என் மெயில், சிரித்த மூஞ்சி சகிதம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அதுதான் சிக்கல் என்றாள் என் மேலதிகாரி கிர்ஸ்டன் வாஸ்.

கிர்ஸ்டன் கெட்டவள் இல்லை. என் ஒவ்வொரு பிப்ரவரிப் பேச்சுக்கும் முன் வரிசையில் உட்கார்ந்து கண் கலங்குகிறவள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ராஸ்கோ, உங்களுக்குத் தெரியும், மருத்துவமனைத் துணைத் தலைவர் பதவிக்கு ஏப்ரல்ல இன்டர்வியூ. இந்தக் கட்டடத்துல அந்த நாற்காலியில இதுவரைக்கும் ஒரு கறுப்பர் உட்கார்ந்ததில்லை. நான் உங்களைத்தான் மனசுல வச்சிருக்கேன்."

"தெரியும். நன்றி."

"இதைப் பத்தி நாம கண்டிப்பாப் பேசணும். வெளிப்படையாப் பேசணும். ஆனா அமைப்போட தப்புன்னு பேசுவோம். ஆள் பேரு போட்டு வேண்டாமே. வக்கீலுங்க பயப்படுவாங்க. இந்தத் தாளை எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருக்கோம், யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன். அதனாலதான் எழுதினேன்."

"ஏப்ரல் வரைக்கும் பொறுங்களேன். ஆறு வாரம்."

"எங்க அத்தை ஏற்கெனவே கொஞ்சம் பொறுத்துட்டாங்க" என்றேன். இதைச் சொல்லும்போது நான் மிகவும் வீரமாக இருந்ததாக உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் அந்த நாற்காலியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் உட்கார்ந்தால் ஏரி தெரியும்.

அன்றே வெர்லீன் கையில் கொடுத்துவிட்டேன். அவள் ஒருமுறை படித்து, "எழுத்து நல்லா இருக்கு" என்றாள். ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்த பதினேழு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அடுத்த நாள் வியாழன். ஓப்பலிடம் சொல்ல டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். அவள் ஊதாப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தண்ணி கொண்டுவரப் போனவன் இப்பத்தான் வர்றியா?" என்றாள். "ஒரு நாள் ஆச்சு."

"அத்தை, அந்தத் தாள்ல ஒரு முடிவு எடுக்கப்பட்டுச்சு. அதனால சில பேருக்கு..."

"யாரு எடுத்தா?"

"அந்தக் காலத்துல இருந்த நடைமுறைப்படி..."

"நடைமுறை எங்க குடியிருக்கு? நான் போய்ப் பாக்கறேன். மறுபடியும் சொல்லு."

"ஒரு குழு உட்கார்ந்து..."

"டேய். குழுவுல நான் இருக்கேன், எனக்குத் தெரியும் குழு என்ன செய்யும்னு. சாண்ட்விச் தின்னும். மறுபடியும் சொல்லு. உன் சொந்த வார்த்தையில."

பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான்தான் எடுத்தேன் அத்தை" என்றேன். "உங்க நம்பரை நான்தான் எடுத்தேன். உங்களுக்குப் புரியணும்னு எடுத்தேன். பெருக்கறதுக்கு முன்னாடி என்னன்னு நான் ஒரு வார்த்தை கேட்கலை. கறுப்பனாப் பொறந்து, அந்த வரியைக் கண்ணால பார்த்து, கேட்கலை."

என்னைத் திட்டுவாள் என்று வந்தவன் நான். இருபது வருஷமாக அதற்குப் பழகியிருக்கிறேன். அவள் திட்டாமல் என்னைப் பார்த்த பார்வை இதுவரை நான் அவளிடம் பார்க்காதது. தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"போ" என்றாள். "கை வலிக்குது."

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. புதன்கிழமைக் குழுவுக்கும் வரவில்லை. ரெனிட்டா ஒருமுறை போன் செய்து, "அம்மாகிட்ட என்ன சொன்னே?" என்றாள். சொன்னேன். "ஓ" என்றாள். பிறகு அவளும் போனை வைத்துவிட்டாள். கல்லூரியில் என் மூன்றாவது பேச்சு இருந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். கட்டடத்தில் எனக்கு மெயில் வருவது குறைந்தது. இன்டர்வியூவுக்கு வேறொருவர் பெயர் அடிபடுவதாக லிஃப்டில் கேள்விப்பட்டேன். லிஃப்டில் இப்போது எல்லோருக்கும் என்னை நன்றாக ஞாபகம் இருந்தது.

மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை, வெர்லீன் கூப்பிட்டாள். "அளவை ஒத்துக்கிட்டாங்க. மூணு வருஷம் மூணு மாசம், முழுசா. இன்னையில இருந்து உங்க அத்தைக்கு ஆறு வருஷம் பத்து மாசம். இனி அவங்க வகையில எது வந்தாலும் முதல் வரிசையில அவங்க பேரைப் பார்ப்பாங்க. நீயே போய்ச் சொல்லு. போன்ல சொல்லாதே."

தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் தேவாலயத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கினேன். அவளுடையதில் கிட்னிக்கு ஆகாத உப்பும் உருளைக்கிழங்கும் இல்லாமல். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"உள்ள வா. ஆறிடும்."

சமையலறை மேசையில் கடிதத்தை வைத்தேன். நான் எழுதிய கடிதம்தான், வெர்லீன் தேதியை நிரப்பியிருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். இரண்டு முறை படித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். வாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருஷம்" என்றாள்.

"ஆறு வருஷம் பத்து மாசம்."

"அப்ப கூப்பிடுவாங்களா?"

"எப்ப வேணா கூப்பிடலாம். போனைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க."

நான் எதற்கோ காத்திருந்தேன். நன்றிக்கு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்குத்தான். அவள் எழுந்து குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனாள். சாஸ் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கதவைத் திறக்கவில்லை. கதவின் மேல் பேரப்பிள்ளைகள் படத்துக்கும் தேவாலயக் காலண்டருக்கும் நடுவே இருந்த ஒரு தாளை, மீன் வடிவக் காந்தத்தை நகர்த்தி எடுத்துவந்து என் முன் வைத்தாள். பிளாஸ்டிக் ஒட்டிப் பாதுகாத்த தாள். விளிம்பு பழுத்திருந்தது. அக்டோபர் 2011. கிளைட் ஸ்டோவல். பச்சை, மஞ்சள், சிவப்பு.

மேல் ஓரத்தில் மாமாவின் கோணல் கையெழுத்து: 'என் மாப்பிள்ளை செய்தது.'

எத்தனையோ தடவை அந்தக் கதவைத் திறந்து பீர் எடுத்திருக்கிறேன். அங்கே அந்தத் தாள் இருப்பதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவான்" என்றாள். "தபால் கொண்டுவர்ற ஆளை உள்ள கூப்பிட்டுக் காட்டியிருக்கான். ஸ்கேல் வச்சிருக்கியா?"

"அத்தை, வேண்டாம்."

"வச்சிருக்கியா, இல்லையா?"

சட்டைப் பையில் இருந்தது. மூன்று வாரமாக அது இல்லாமல் நான் எங்கும் போகவில்லை.

"இதால மாமாவுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. யாரும் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே புதைச்சேன். அளந்து சொல்லு."

அளந்தேன்.

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்தாள். முப்பது வருஷம் நானூறு பிள்ளைகளுக்கு அளவு பார்த்துச் சமைத்தவளுக்கு அது பெரிய கணக்கில்லை. "பதினெட்டு" என்றாள். பிறகு விரல் மடக்கினாள். 2011, 2012, 2013. 2017இல் வந்து நின்றாள். மடக்கிய விரல்களை விரிக்கவில்லை.

"இதுல கவலை வேண்டாம்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா."

"அவன் கவலையே படலை, மாப்ளே. நான் சொல்லுவேன், இன்னொரு டாக்டரைப் பாரு, கால் வீங்குதுன்னு. இதைக் காட்டுவான். 'நம்ம பையன் எழுதியிருக்கான்டி, படிச்சுப் பாரு'ம்பான்."

ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தாளை எடுத்துப் போய், பழைய இடத்திலேயே, அதே காந்தத்துக்கு அடியில் வைத்தாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"கழட்டிடலாமே அத்தை" என்றேன்.

"எதுக்கு? அவன் ஒட்டுனது, அவன்தான் கழட்டணும்." திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். போனை எடுத்து, சத்தம் முழுதாக வைத்திருக்கிறதா என்று பார்த்து, மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தாள். அப்புறம் என் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.